மெதுவாக நடக்கச் சொன்ன கடை

சுகந்தி அக்காவுக்கு எங்கள் கடை அநியாயம் செய்தது. அவவிடமிருந்த பழைய இசைத்தட்டுக் கருவிக்குப் பொருந்தாத ஊசியை விற்றது. அந்த ஊசி துள்ளித் துள்ளிப் பாட்டைக் கெடுத்தபோது, பிழை ஊசியில் இல்லை, நீங்கள் வீட்டுக்குள் நடக்கிற விதத்தில்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தது. பழைய இசைத்தட்டுக் கருவி விற்கிற தொழிலில் முதல் பாடமே இதுதான்: கருவி ஒருநாளும் பிழை விடாது, வாங்கினவர்தான் விடுவார்.

நான் பேர்லினில் சட்டம் படிக்கிறேன். வகுப்பில்லாத நாட்களில் நொய்கெல்ன் பகுதியில் ஒரு ஒடுங்கிய கடையில் வேலை. பழைய கருவிகளைத் திருத்தி விற்பது, கருவியில் ஊசியைத் தாங்குகிற கைக்கு ஏற்ற ஊசி தேடிக் கொடுப்பது. முருகன் கோயிலில் யாராவது கேட்டால், மகள் ஊசி விற்கிறாள் என்று அம்மா சொல்வதில்லை. "இசைத்துறையில இருக்கிறாள்" என்று சொல்லுவா. கடையில் நாங்கள் மூன்று பேர். பிர்கிட் முதலாளி, சண்டை வந்தால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறவ. டெட்லெஃப் நான் பிறக்க முதலே அந்தக் கடையில் நின்றவர்; ஊசி விஷயத்தில் கடைசிச் சொல் அவருடையது. மூன்றாவது நான். மற்ற இருவரும் ஜேர்மன்காரர். இந்தக் கதையில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார்கள், ஏனென்றால் என் மண்டைக்குள் அப்படித்தான் கேட்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் கடைக்கு வந்து அவர்களின் டொச் மொழியிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு சாமானை வாங்கி, அது வேலை செய்யாமல், திருப்பிக் கொண்டுபோய், முறைப்பாட்டுக்காரராகப் போன நீங்கள் குற்றவாளியாகத் திரும்பி வந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நாங்கள் ஒரே சாதி. வாசியுங்கோ.

நல்லதாத் தாங்கோ

சுகந்தி அக்கா பஸ் ஓட்டுகிறவ. வயதுக்கு நான் அன்ரி என்றுதான் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் முகத்துக்கு நேரே பஸ் கதவு மூடும். சின்ன வயதில் தாய் தகப்பனோடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினவ. அகதிகள் விடுதியில் யாரோ ஒரு பெட்டி நிறையச் சிறுவர் கதை இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அக்கா டொச் படித்தது அதில்தான், அதுவும் பெரும்பாலும் ஓநாயின் குரலில். இன்றைக்கும் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன் அந்த டொச்சைக் கேட்டால் தானாகவே இறங்கிவிடுவான். அந்தத் தட்டுகளை அவ இன்னும் வைத்திருக்கிறா. அவற்றைப் போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிலவறையைத் துப்பரவாக்கியபோது ஒன்று கிடைத்தது. அடுப்பளவு பாரம், மேலே நீளமான தடித்த உலோகக் கை. ஊசி மட்டும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சீருடையோடு கடைக்கு வந்தா. டெட்லெஃப் கேட்ட முதல் கேள்வி, சித்தார் இசை கேட்கவா என்பது. "ஓநாய்க் கதையும் பித்தளை வாத்திய மார்ச்சும்" என்றா அக்கா. அதற்குப் பிறகாவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: உங்கள் கருவியின் கை என்ன வகை, பாரமா, லேசா? அதை அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கடைக்குப் போனால் ஒரே வசனம்தான்: நல்லதாத் தாங்கோ. அரிசியோ, கூறைச்சேலையோ, பல் டொக்டரோ, எல்லாவற்றுக்கும் அதே வசனம். எதற்கு என்று வாய் திறந்தால் கடைக்காரன் மலிவானதைத் தலையில் கட்டிவிடுவான் என்று ஒரு பரம்பரைப் பயம். டெட்லெஃப் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்ததில் ஆகவும் நல்லதை எடுத்துக் கொடுத்தார். அக்கா போன பிறகு நான் கேட்டேன், எந்தக் கைக்கு என்று கேட்டீர்களா என்று.

"அவ சிறந்ததைக் கேட்டா. சிறந்ததுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கிறது?"

நிலம்தான் குற்றவாளி

கொஞ்ச நாளில் அக்கா திரும்பி வந்தா. மூத்த மகன் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறான், ஆனால் ஊசி துள்ளுகிறது. பிள்ளைகள் சமையலறையிலிருந்து வந்தால் துள்ளுகிறது. அக்காவின் கணவர் குணம் அண்ணை கதிரையை விட்டு எழும்பினால் துள்ளுகிறது. ஓநாய் கதவைத் தட்டப்போகிற இடம் பார்த்து யாராவது நடந்தால், ஓநாய் தட்டாமலே உள்ளே வந்துவிடுகிறது.

டெட்லெஃப் கருவியைப் பற்றி இந்த முறையும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைப் பற்றி விசாரித்தார். பழைய கட்டடமா? மரத்தளமா? எத்தனை பேர்? ஆட்கள் என்ன பருமன்? அக்கா பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. பேர்லினின் பழைய வீடுகளில் மரத்தளம் ஆடும் என்பது உண்மை. ஆனால் பாதி உண்மை. முழுப் பொய் என்றால் ஒரு அடியில் உடைக்கலாம். பாதி உண்மை கதிரை போட்டு உட்கார்ந்துவிடும். நான் பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது விசாரணை முடிந்து டெட்லெஃப் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சொக்ஸ் போடுங்கோ, குதிக்காலை ஊன்றாதேங்கோ, தட்டு ஓடேக்க அவசியமில்லாமல் ஒருத்தரும் எழும்பவேண்டாம்."

கடைசித் தரிப்பில் ஒரு பாடம்

பிறகு ஒருநாள் அக்கா ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினேன். ஓடுகிற பஸ்ஸில் சாரதியோடு கதைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அதனால் கடைசித் தரிப்பு வரைக்கும் வாயை மூடிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. அக்கா பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றினா. உங்கள் கருவியின் கை எப்படி இருக்கும் என்று கேட்டேன். "தோசை பிரட்டுற தட்டகப்பைக்காம்பு மாதிரி. இரும்பு. பாரம்" என்றா. எனக்கு விளங்கிவிட்டது.

உங்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் சொல்லுகிறேன், கொட்டாவி விடாதேங்கோ. ஊசி ஒரு மயிரளவு தண்டின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டைச் சின்ன ரப்பர் ஒன்று பிடித்திருக்கிறது. ஊசி, தண்டு, ரப்பர் எல்லாம் அடங்கிய பெட்டிதான் கார்ட்ரிஜ். ரப்பர் இளகலாக இருந்தால் லேசான கை வேண்டும். விறைப்பாக இருந்தால் பாரமான கை வேண்டும். மாப்பிள்ளையும் திறம், பெம்பிளையும் திறம் என்றால் மட்டும் காணாது, பொருத்தம் பார்க்கவேண்டும் என்று எங்கள் வீடுகளில் எத்தனை நல்ல சம்பந்தங்களைக் குழப்பியிருப்பார்கள்? அந்த வேலையை மனிதருக்குச் செய்வதை விட்டுவிட்டு ஊசிக்குச் செய்திருக்கலாம். பாரமான கையைக் கொண்டுபோய் இளகின ரப்பரில் சுமத்தினால் முழுவதும் மெல்லத் தாலாட்டத் தொடங்கும். மனிதர் நடக்கிற தாளமும் அந்தத் தாலாட்டும் கிட்டத்தட்ட ஒன்று. யாராவது நடந்தால் ஊசியும் சேர்ந்து ஆடி, தட்டின் கோட்டை விட்டு வெளியே பாயும்.

அக்காவுக்கு நான் இப்படி இழுக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்த பஸ்ஸில் ஆட்களை அடைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடுத்த தரிப்பு வரைக்கும் ஆடிக்கொண்டு போகும் என்றா. அதுதான் உங்கள் ஊசி என்றேன். அக்கா போத்தலை மூடினா. முகம் ஓநாய் ஆகிக்கொண்டு வந்தது.

"என்ர பஸ் உப்பிடி ஆடினால் பஸ்ஸைத்தான் பட்டறைக்கு அனுப்புவினம், பிள்ளை. சனத்தை மூச்சுவிடாம இருங்கோ எண்டு சொல்லமாட்டினம்."

பூனை வீடு

அக்காவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மூத்த மகன் வாயில் விரலை வைத்துக்காட்டினான். உள்ளே மார்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இராணுவமே நிலம் அதிர நடக்கிற இசை. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு குடும்பம் கம்பளிச் சொக்ஸோடு பூனை நடை நடந்தது. சின்னவன் தண்ணி குடிக்கப் போக, கையைத் தூக்கி அனுமதி கேட்டான். குணம் அண்ணை ஒரு உணவகத்தில் சமையல்காரர். மதில் மாதிரி மனுசன். எந்தப் பலகை ஆடும், எது ஆடாது என்று கண்டுபிடித்து, அறையைக் குறுக்கே கடக்காமல் சுவரோடு ஒட்டிப் பல்லி மாதிரி வந்து எனக்குக் கை கொடுத்தார். அவ்வளவு கவனமாக வந்தும், கை கொடுத்த வேகத்தில் ஊசி ஒருமுறை பாய்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கருவியின் கையைப் பார்த்தேன். இரும்பேதான். அதன் நுனியில் எங்கள் கடையின் ஆகவும் இளகின, ஆகவும் உயர்ந்த கார்ட்ரிஜ், எருமை மாட்டின் முதுகில் ஏற்றிய சங்கீத வித்துவான் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முடிவு எடுத்துவிட்டா. இது சரிவராவிட்டால் கருவியைச் சந்தையில் விற்றுவிடுவது, தட்டுகளையும் சேர்த்து. "பிள்ளையளை வீட்டுக்குள்ள நடக்க விடாமல் ஓநாய்க் கதை கேட்டு என்ன காண?" என்று கேட்டா. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் முறையாக வந்தது. டொச் சொல்லிக்கொடுத்த ஓநாயை, ஒருவர் ஒரு கேள்வி கேட்க மறந்ததற்காக விற்பதா? எனக்கு இரண்டு விஷயம் வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். அக்காவுக்குப் பொருந்துகிற ஊசி ஒன்று. அதோடு டெட்லெஃபின் சொந்த வாயிலிருந்து, பிழை எங்களுடையது என்கிற வசனம். குணம் அண்ணை என்னை வாசல் வரைக்கும், சுவரோடு ஒட்டியபடியே, வழியனுப்பினார்.

"தங்கச்சி, ஷோனெஃபெல்டில பாஸ்போட்டைக் குடுத்திட்டு நிக்கேக்ககூட நான் இவ்வளவு பயந்து நடக்கேல்லை."

உள்ளாடைச் சட்டம்

மறுநாள் பிர்கிட்டைப் பிடித்தேன். சரியான கார்ட்ரிஜை மாற்றிக் கொடுங்கோ, ஆலோசனை பிழையாகக் கொடுத்தது கடை, பொறுப்பும் கடையுடையது என்றேன். பிர்கிட் சிகரெட்டை எடுத்தா. வாசலுக்குப் போனா. நானும் போனேன். கடமை, கவனயீனம், நம்பிக்கை, வாங்குபவரின் நியாயமான எதிர்பார்ப்பு என்று போன பரீட்சையில் எழுத மறந்த எல்லாவற்றையும் அந்த வாசலில் சொன்னேன். புகைத்து முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றா. ஊசி உள்ளாடை மாதிரி என்றா. ஒருமுறை பாவித்தால் கடை திருப்பி எடுக்காது. உள்ளாடை அளவு பார்த்துத்தானே விற்கவேண்டும் என்று நான் கேட்டேன். அவ இரண்டாவது சிகரெட்டை எடுத்தா.

"டெட்லெஃப் தன்ர வாயால பிழை எண்டு சொன்னால் இண்டைக்கே மாத்திக் குடுக்கிறன். அப்பிடி ஒண்டு இந்தக் கடையில நடந்ததை நான் இன்னும் பாக்கேல்லை. வாழ்த்துகள்."

வீடு மாறினவர்

இப்படி நடப்பது அக்காவுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதேங்கோ. இந்தத் தொழிலின் வாடிக்கையாளர்கள் ஊசியைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் மாற்றத் தயாராக இருக்கிறார்கள். கருவியை நாலு டென்னிஸ் பந்தின்மேல் வைத்தவர் இருக்கிறார். கல்லறைக் கல் செதுக்குகிறவரிடம் போய் ஒரு பலகை அளவு கல் வெட்டுவித்து அதன்மேல் வைத்தவர் இருக்கிறார். பெயர் பொறிக்கவேண்டுமா என்று கேட்டார்களாம். ஊசிக்குமேல் சில்லறைக் காசை ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பெடியன், அது தாத்தாவின் மருந்து என்று சொன்னான். தாத்தாவின் தட்டுகள் எல்லாம் உழுத வயல் மாதிரி இருந்தன.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மரத்தளம் ஆடுகிறது என்று டெட்லெஃப் சொன்னதைக் கேட்டு, சீமெந்துத் தளமுள்ள புதுக் கட்டடத்துக்கு வீடே மாறிவிட்டார். பேர்லினில் வீடு தேடுவது என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒருநிமிடம் எழுந்து நிற்கலாம். இங்கே சனம் கலியாணத்தைத் தள்ளிவைக்கும், விவாகரத்தையும் தள்ளிவைக்கும், வீட்டை மட்டும் விடாது. அவர் திரும்பக் கடைக்கு வந்தபோது, என்னைவிட முந்திக்கொண்டு டெட்லெஃப் கேட்டார், இப்ப துள்ளுவதில்லைத்தானே என்று.

"துள்ளுது. ஆனால் பால்கனி இருக்கு."

வால்டோர்ஃப்காரரின் அட்டவணை

பிறகு ஒருநாள் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். வால்டோர்ஃப் என்ற ஊரில் மென்பொருள் வேலை, விடுமுறைக்குப் பேர்லின் பார்க்க வந்தவர். மற்றவர்கள் இடித்த பேர்லின் சுவரின் துண்டு பார்க்கப் போவார்கள். இவர் ஊசி பார்க்க வந்தார். என் பெயரைக் கேட்டார், தமிழ் என்று கண்டுபிடித்தார், நான் நாலு வசனம் கதைத்ததும், "உங்க ஸ்லாங் ரொம்ப க்யூட்டா இருக்கு" என்றார். என்ர தமிழ் நாய்க்குட்டி இல்லை என்று சொன்னேன். "சாரி, சாரி, காம்ப்ளிமெண்ட்டாத்தான் சொன்னேன்" என்று மடிக்கணினியைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய அட்டவணை. உலகத்தில் உள்ள கார்ட்ரிஜ் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, முதலாவதாக வந்ததைத் தெரிவுசெய்திருந்தார். எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருந்தது அதுதான். சுகந்தி அக்காவுக்குக் கொடுத்த அதே வகை.

டெட்லெஃப் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கருவியில் இருப்பது என்ன கை என்று கேட்டார். வாசகர்களே, கேட்டார். இவர் படத்தைக் காட்டினார். நீளமான, பாரமான, பழைய உலோகக் கை. டெட்லெஃப் இரண்டு கையையும் விரித்தார். அந்தக் கையில் இதைப் பூட்டுவது குற்றம், யாராவது நடந்தாலே துள்ளும், இதைவிட விறைப்பான ஒன்றுதான் வேண்டும் என்று சொல்லி, கீழ்த்தட்டிலிருந்து சாதாரணமான, கட்டையான ஒரு கார்ட்ரிஜை எடுத்துக் காட்டினார். அட்டவணையில் அதற்குக் கடைசியிலிருந்து நாலாம் இடம். மடிக்கணினியோடு வந்தால் கை எது என்று கேட்பார்கள். பஸ் சீருடையோடு வந்தால் சித்தாரா என்று கேட்பார்கள். நான் அக்காவின் கதை முழுவதையும் வால்டோர்ஃப்காரருக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, கட்டைக் கார்ட்ரிஜைக் கையில் வைத்துக்கொண்டு, டெட்லெஃபையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், என்கிட்ட கேட்ட அதே கொஸ்டினை அந்த லேடிகிட்டயும் கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. இவருக்கு அதுல என்ன ப்ராப்ளம்?"

பிர்கிட் சிகரெட்டை அணைத்த நாள்

அந்தக் கேள்வியை அப்படியே டொச்சில் மொழிபெயர்த்து டெட்லெஃபின் முன்னால் வைத்தேன். அவர் சொன்னது: "அவர் தன்ர கையைப் பற்றிச் சொன்னவர்." நான் சொன்னேன்: நீங்கள் கேட்டதால் சொன்னவர். "அந்த அம்மா ஒண்டும் சொல்லேல்லை." நீங்கள் கேட்காததால் சொல்லேல்லை. "நிலம் ஆடுறது உண்மை." அந்த மனுசனின் நிலத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கேல்லையே, அவர் என்ன ஆகாயத்திலா குடியிருக்கிறார்? டெட்லெஃப் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார். கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். ஐம்பது விதமான ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய மனுசன். காதுக்கு இவ்வளவு கொடுத்த கடவுள் வாய்க்கு ஒரு கேள்வி கொடுத்திருக்கலாம் என்று சொன்னேன். "நீ வழக்கைப் பாக்கிறாய், நான் நிலத்தைப் பாக்கவேணும். பாக்காமல் தீர்ப்புச் சொல்ல ஏலாது" என்றார். பாக்காமல்தானே ஒரு குடும்பத்துக்கே சொக்ஸ் தண்டனை கொடுத்தீர்கள் என்று நான் கேட்டபோது என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. கொஞ்சம் என்பது என் அளவு. கடையில் நின்ற இருவர் ஒன்றும் வாங்காமல் வெளியேறினார்கள். பிர்கிட் வாசலில் வைத்தே சிகரெட்டை அணைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, உள்ளே வந்தா.

"ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போய் அங்க கத்துங்கோ. அவைக்காவது அது பழகின சத்தமா இருக்கும்."

விசாரணை

அந்த வாக்கியத்தில் உள்ள அவமானத்துக்குத் தனியாக வழக்குப் போடலாம் என்று குறித்து வைத்துக்கொண்டு, டெட்லெஃபை அழைத்துப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார், சொக்ஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே. சொக்ஸ் போடச் சொல்லித் தீர்ப்பளித்தவரின் சொக்ஸ். சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பொரித்த ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தா. டெட்லெஃப் ரோல்ஸ் ஒன்றை முழுசாக வாய்க்குள் விட்டுவிட்டு, பையிலிருந்து சரிவு பார்க்கிற நீர்மட்டத்தை எடுத்து நிலத்தில் வைத்துப் பார்த்தார். மேசையில் வைத்தார். தட்டின்மேல் வைத்தார். எல்லாம் நேர். அக்கா மார்ச்சைப் போட்டா. டெட்லெஃப் நிலத்தைச் சோதிக்க எழும்பி ஜன்னல் பக்கம் நடந்தார், மெதுவாக, குதிக்கால் ஊன்றாமல், தான் சொன்ன முறைப்படியே. ஊசி பாய்ந்தது. குடும்பம் முழுக்க அவருடைய காலைப் பார்த்தது.

"சொக்ஸோடதான் நடந்தீங்கள்" என்றார் குணம் அண்ணை, ஆறுதலாக.

டெட்லெஃப் குனிந்து, ஒரு விரலால் கருவியின் கையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "இது பாரமான கையெல்லோ" என்றார், நாங்கள் அதை இவ்வளவு காலமும் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த மாதிரி. நான் தயாராகப் போயிருந்தேன். இந்த வகைக் கைகளின் நுனியில் ஒரு தலை உண்டு. திருகினால் கார்ட்ரிஜோடு கழன்று வரும். கடையிலிருந்து இன்னொரு தலையில் அந்தக் கட்டைக் கார்ட்ரிஜைப் பூட்டிக் கொண்டுவந்திருந்தேன். பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், இனிப் பாருங்கோ என்ற முகத்தோடு ஊசியை இறக்கினேன். அது தட்டின்மேல் நிற்காமல் பனிக்கட்டியில் சறுக்குகிற மாதிரி ஒரே இழுவையாக நடுவுக்குப் போய்விட்டது. டெட்லெஃப் இரண்டாவது ரோல்ஸை எடுத்தார்.

"எடையை மாத்தினீங்களோ, சட்டத்தரணி அம்மா?"

மாற்றவில்லை. விறைப்பான ஊசிக்குக் கூடிய அழுத்தம் வேண்டும் என்று எல்லோருக்கும் விரிவுரை நடத்துகிறவள், கையின் பின்பக்க எடையைத் திருக மறந்துவிட்டேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து எடையைத் திருகினார், சின்னத் தராசில் ஊசியை வைத்துப் பார்த்தார், இன்னும் ஒரு சொட்டுத் திருகினார், இறக்கினார். மார்ச் தொடங்கியது. யாரும் அசையவில்லை, பழக்கதோஷம். அக்காதான் குணம் அண்ணையிடம் சமையலறைக்குப் போய் வரச் சொன்னா. அவர் சுவரோடு ஒட்டப் போனார். "நடுவால நடவுங்கோப்பா" என்றா. மனுசன் நடுவால் நடந்தார். பிறகு திரும்பி நடந்தார். பிறகு இரண்டு பெடியன்களும் சேர்ந்துகொண்டார்கள். அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன, கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடித்தார், ஊசி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குணம் அண்ணை ஒருமுறை துள்ளியும் பார்த்தார். தேத்தண்ணி சிந்தியது, இசை சிந்தவில்லை.

டெட்லெஃப் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார், பெருவிரல் வெளியே தெரிய. "பிழை எங்கடை. பிழை என்ர. அண்டைக்கு நான் கையைப் பற்றிக் கேட்டிருக்கவேணும்" என்றார். நான் இவ்வளவு காலமும் காத்திருந்த வசனம். மேலதிகமாக ஒரு சொல்லும் கூட. மேசையில் கிடந்த இளகின கார்ட்ரிஜைத் தலையோடு எடுத்துத் தன் பெட்டிக்குள் வைக்கப்போனார். அக்கா கையை நீட்டி மறித்தா. அவவின் பார்வை இன்னும் வீட்டுக்குக் குறுக்கே தொம் தொம் என்று நடந்துகொண்டிருந்த மூன்று ஆம்பிளைகள்மேல் இருந்தது. பொருந்தாத ஊசி ஒரு வீட்டுக்குச் செய்கிற அநியாயம் பற்றித் தொண்டை வற்ற வாதாடிய எனக்கும், முதல்முறையாக மன்னிப்புக் கேட்டு நின்ற டெட்லெஃபுக்கும் சேர்த்து அக்கா கடைசியாகத் தந்த பதில் இரண்டு பக்கத்துக்கும் சார்பாக இருக்கவில்லை:

"அந்தப் பழசைக் கொண்டுபோகாதேங்கோ, இஞ்சையே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில இவரின்ர தம்பிமார் குடும்பத்தோட வாறவை, அண்டைக்கு ஒருத்தரும் துள்ளாமல் இருக்கப் பூட்ட வேணும்."